கிட்டாருக்கு அளவு சொன்ன கட்டிங் மாஸ்டர்

அந்தத் தெருவில் மாஸ்டர் என்று கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்க்க வேண்டும். ஒருவர் மாடியில் கராத்தே சொல்லிக்கொடுப்பவர். இன்னொருவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஆனால் அவர்கள் இருவரும் திரும்புவதே இல்லை. மாஸ்டர் என்றால் அது கட்டிங் மாஸ்டர்தான் என்று அவர்களே ஒப்புக்கொண்டு வருஷம் இருபது ஆகிறது. இருவர் போட்டிருக்கும் சட்டையும் அவர் வெட்டியதுதான் என்பதால் எதிர்த்துப் பேசவும் வழியில்லை.

கடை என்று பார்த்தால் இரண்டே அறை. முன்னறையில் ஒரு கவுண்டர், ஆளுயரக் கண்ணாடி, உடை மாற்ற ஒரு திரை. பின்னறையில் நான்கு தையல் மிஷின், பட்டன் ஓட்டை போட ஒரு காஜா மிஷின், நடுவே எட்டடி நீளத்தில் மேஜை. நான்கு மிஷினில் நான்கு பேர் தைப்பார்கள். துணியில் கத்தரி வைப்பது மாஸ்டர் மட்டும். பள்ளிச் சீருடைதான் முக்கியமான வேலை. ஆஸ்பத்திரி கோட்டு, ஓட்டல் சிப்பந்திகளின் சட்டை என்று நடுவில் வரும், போகும். ஊரில் உள்ள பிள்ளைகள் விடாமல் வளர்ந்துகொண்டிருந்ததால் முப்பத்தெட்டு வருஷமாக அவர் பிழைப்பு ஓடியது.

வளரும் பிள்ளைக்கு விட்டுத் தைப்பதில்தான் அவர் பெயர் வாங்கினார். மற்ற டெய்லர்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு இஞ்ச் மடித்து உள்ளே வைத்துவிடுவார்கள். மாஸ்டருக்கு அது தொழிலையே கேவலப்படுத்துகிற காரியம். பிள்ளையைக் கவுண்டர் முன்னால் நிறுத்துவார். மணிக்கட்டு எலும்பைத் தொட்டுப் பார்ப்பார். பக்கத்தில் நிற்கும் அப்பா அம்மாவை மேலிருந்து கீழ்வரை பார்ப்பார். "போன வருஷ ஷூ இப்ப பத்துதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். பிறகு, "ஒண்ணேகால் இஞ்ச், ஒரு நூல்" என்பார். நூல் என்றால் இஞ்ச்சில் எட்டில் ஒரு பங்கு. பிள்ளை வளர்வதற்கு நூல் கணக்கில் ஜோசியம் சொன்னவர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான்.

ஒரு தடவை குள்ளமான தம்பதி ஒன்று வந்தது. "எங்க ரெண்டு பேரையும் பாத்தீங்கல்ல, இவன் எங்க வளரப் போறான், ஒரு இஞ்ச் விட்டாப் போதும்" என்றார்கள். மாஸ்டர் மூன்றரை விட்டார். பேண்ட் பொதபொதவென்று இருக்கிறது என்று சண்டைக்கு வந்தார்கள். அடுத்த வருஷம் அதே பையன் தன் அப்பாவைக் குனிந்து பார்த்துப் பேசிக்கொண்டு கடைக்குள் நுழைந்தான். அந்த அப்பாவுக்கு மாஸ்டரை நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது.

அவருக்குப் பிடிக்காத ஒரே சொல் ரெடிமேட். அதை அவர் சொல்லும்போது வேறு ஏதோ கெட்ட வார்த்தையைச் சொல்வதுபோல் குரல் தாழும். "அவன் எவனோ, எந்த ஊர்லயோ, உன்னைப் பாக்காமலே உனக்குச் சட்டை தைக்கறான். நீயும் அதுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கறே" என்பார்.

அவருக்கு ஒரே மகள். முப்பத்தொரு வயதாகிறது, இன்றும் அவருக்குப் பாப்பாதான். சாயங்காலங்களில் ஒரு பெரிய ஓட்டலின் வரவேற்புக் கூடத்தில் கிட்டார் வாசிப்பாள். பகலில் சொல்லிக்கொடுப்பாள். அதைத் தவிர வேறு எந்த வேலையும் அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மறுத்துவிட்டாள். அவளுடைய பதினேழாவது வயதில் அதற்காக வீட்டில் பெரிய ரகளையே நடந்தது. மாஸ்டர் தோற்றார். தோற்ற பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: மேடைக்குப் போடும் சட்டை என் கையால்தான் இருக்க வேண்டும். அன்றிலிருந்து முழுக்கை, மணிக்கட்டில் பட்டன் வைத்த கஃப், தோளில் இழுக்காத வெட்டு என்று அவளுக்கு வருஷம் நான்கு சட்டை போகிறது. அவள் வாசிக்கும்போது மற்றவர்கள் விரலைப் பார்ப்பார்கள், அவர் தோள்பட்டைத் தையலைப் பார்ப்பார். பாட்டு எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், "முதுகுல ஒரு சுருக்கம் விழல" என்று சந்தோஷமாகச் சொல்வார்.

அப்படிப்பட்டவரிடம் மகள் போன் செய்து, அளவெடுத்துக் கிட்டார் செய்யும் இடத்துக்குப் போகிறேன், நீங்களும் வாருங்கள் என்றால் அவருக்கு எப்படி இருக்கும்.

"நான் எதுக்கும்மா? எனக்குக் கிட்டாருக்கும் ஸ்டூலுக்கும் வித்தியாசம் தெரியாது" என்றார் முதலில்.

"அளவு எடுக்கற இடம்பா. உங்களுக்கு அங்க வேலை இருக்கு."

"கடையில தொங்கறது உனக்கு ஆகலையாக்கும்."

"ஆகலப்பா."

மாஸ்டர் போனை வைத்துவிட்டு மனைவியிடம் போய், "கேட்டியா, உன் பொண்ணுக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கு. ரெடிமேட் ஆகாதாம்" என்று மார்தட்டிக்கொண்டார். மனைவி அடுத்த நாள் காலையில் அவருடைய வெள்ளைச் சட்டையை, அது ஏற்கெனவே தேய்த்து மடித்து வைத்த சட்டை, பிரித்து இன்னொரு தடவை தேய்த்தாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டார், டேப்பைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார். டேப் இல்லாமல் அவர் கல்யாண வீட்டுக்குக்கூடப் போனதில்லை.

பட்டறை ஒரு டயர்க் கிடங்குக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. இரும்புப் படி ஏறிப் போக வேண்டும். கதவின் விளிம்பு நெடுக ரப்பர் ஒட்டியிருந்தது. உள்ளே நுழைந்ததும், "சீக்கிரம் சாத்துங்க, ஈரக் காத்து வந்துரும்" என்று ஒரு பெண்குரல் கேட்டது. ஐம்பது வயது இருக்கும். தடித்த ஏப்ரன், கொண்டையில் செருகிய பென்சில், புருவத்தில் மரத்தூள். மாஸ்டர் கிட்டார் செய்பவரைத் தேடி அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. செய்பவரே அவர்தான் என்று புரிய இரண்டு விநாடி ஆயிற்று.

"எங்க அப்பா. கட்டிங் மாஸ்டர்" என்றாள் மகள்.

"சொல்லியிருக்கீங்களே. வாங்க மாஸ்டர்" என்றார் அந்த அம்மா. அந்த ஒரு சொல்லில் மாஸ்டருக்கு இடம் பிடித்துப்போயிற்று.

பிடிக்காமல் எப்படிப் போகும். சுவரில் ஆணி ஆணியாக மர அச்சுகள் தொங்கின, அவர் கடையில் அட்டை அச்சுகள் தொங்குவதைப்போல. இழைத்த பலகைகள் இடையில் குச்சி வைத்து அடுக்கப்பட்டுக் காற்று வாங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் பென்சிலில் தேதி. ஓரத்தில் ஈரம் உறிஞ்சும் மிஷின் ஒன்று முனகிக்கொண்டிருந்தது. மாஸ்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். கிட்டாரின் வயிற்றுக்கான அச்சு பாதிதான் இருந்தது, நடுவில் வகிர்ந்ததுபோல.

"நாங்களும் இப்படித்தான் மேடம். பாதிதான் வெட்டி வெப்போம். துணியை ரெண்டா மடிச்சுப் போட்டா மறு பாதி தானா வந்துரும்."

"உடம்புக்கு அது சரி மாஸ்டர். கழுத்துக்கு அப்படி விட முடியாது. அதைப் பிடிக்கற இடது கையைத் தனியா அளந்துதான் ஆகணும்."

"எங்களுக்கு அந்தத் தொல்லையே இல்ல" என்று மாஸ்டர் சிரித்தார். "ஒரு பக்கம் அளந்தாப் போதும். வலது தோள், வலது கை, முடிஞ்சுது. மேல இருக்கறவன் ரெண்டு கையையும் ஒரே அச்சுல வெட்டியிருக்கான். நாப்பது வருஷத்துல நான் யாரோட இடது கையையும் அளந்தது கிடையாது."

அந்த அம்மா மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். மாஸ்டர் அதைக் கவனித்தார், தன் பெருமையை மகள் வழக்கம்போல் வெட்கமாக நினைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

அந்த அம்மா மகளை ஸ்டூலில் உட்கார வைத்தார். முன்னால் ஒரு தாங்கி. அதில் வயிறில்லாத, கம்பி மட்டும் கட்டிய கிட்டார்க் கழுத்துகளை ஒவ்வொன்றாக மாட்டிக் கழற்றலாம். ஒன்று முதல் பத்து வரை நம்பர் போட்ட கழுத்துகள், ஒவ்வொன்றும் ஒரு பருமன். அந்த அம்மா ஏழாம் நம்பரை மாட்டினார். "இதுதான் உங்க பழைய கிட்டாரோட அளவு. பிடிங்க." மகள் இடது கஃப்பின் பட்டனைக் கழற்றி, கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டாள். ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்க வைத்து ஆறு கம்பிகளையும் ஒன்றாக அழுத்தினாள். வலது கையால் மீட்டினாள். நான்கு கம்பிகள் பாடின. இரண்டு கம்பிகள் பூச்சி சத்தம் போட்டுவிட்டுச் செத்துப்போயின. திரும்பவும் அழுத்தினாள். விரல் நடுங்கியது. இந்தத் தடவை மூன்று.

மாஸ்டருக்குச் சங்கீதம் தெரியாதுதான். ஆனால் அந்தச் சத்தம் நல்ல சத்தம் இல்லை என்பது யாருக்கும் தெரியும். "கழுத்து சரியில்ல போலிருக்கு" என்றார்.

அந்த அம்மா ஐந்தாம் நம்பரை மாட்டினார். பிறகு நான்கு. நான்கில் ஆறு கம்பிகளும் பாடின, ஒரே ஒரு தடவை. அவர் தலையை ஆட்டிவிட்டு டேப் எடுத்து மகளின் இடது உள்ளங்கையைச் சுற்றி அளந்தார். "ஏழுக்கு ஒரு நூல் கம்மி" என்று சொல்லிக்கொண்டே எழுதப் போனார்.

"இருங்க, இருங்க" என்று மாஸ்டர் கையை நீட்டினார். "டேப் நழுவியிருக்கும் மேடம். ஏழேகால். என் பொண்ணு கை எனக்குத் தெரியாதா? கஃப் வெட்டறவன் நான்."

"நீங்களே பாருங்க மாஸ்டர்" என்று அந்த அம்மா விலகி நின்றார்.

மாஸ்டர் தன் பையிலிருந்து தன் டேப்பை எடுத்தார். மகளின் இடது கையைத் தன் கையில் வாங்கினார். சுற்றினார். ஏழுக்கு ஒரு நூல் கம்மி. டேப்பை உருவி, உதறி, மறுபடி சுற்றினார். அதேதான். வலது கையை வாங்கி அளந்தார். ஏழேகால், ஒரு மயிரிழை பிசகவில்லை. மறுபடி இடது. மூன்று நூல் வித்தியாசம். டேப்பின் முனை தேய்ந்திருக்குமோ என்று முனையைப் பார்த்தார். முனை நன்றாகத்தான் இருந்தது. அப்புறம்தான் அவர் கையைப் பார்த்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், எல்லோருக்கும் மேடாக இருக்கும் இடத்தில், மகளுக்குப் பள்ளம் இருந்தது. மடித்துவிட்ட சட்டைக்குக் கீழே முன்கை, குச்சியில் துணி சுற்றியதுபோல் இருந்தது. அவர் வெட்டிய சட்டை அதை இத்தனை நாள் அழகாக மூடி வைத்திருந்தது.

"இது என்னம்மா?" என்றார்.

"நரம்புப்பா. கையை அசைக்கற நரம்பு காய்ஞ்சுகிட்டே போகுதாம். நரம்பு போனா சதை கரைஞ்சிருமாம். வலியெல்லாம் இல்ல."

"மருந்து?"

"மாத்திரை இருக்கு. கொஞ்சம் மெதுவாக்கும். நிறுத்தாது."

"யாரு சொன்னா? நல்ல டாக்டரா பாத்தியா?"

"மூணு பேர்ப்பா. மூணு பேரும் ஒண்ணேதான் சொன்னாங்க. இந்த விரல் இன்னும் ஒன்றரை வருஷம் கம்பியை அழுத்தும். அதுக்கப்புறம் இல்ல. வலது கைக்கும் வருமா, எப்ப வரும்னு யாருக்கும் தெரியல."

"எப்பத்திலேருந்து?"

"தெரிஞ்சு எட்டு மாசம்."

மாஸ்டர் எட்டு மாதத்தை மனதில் பின்னால் தள்ளிப் பார்த்தார். எட்டு மாதத்தில் பாதி நாள் அவள் அப்பா வீட்டில்தான் சாப்பிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

"உங்க அம்மாகிட்ட சொன்னியா?"

"அம்மாதான்பா கூட வந்தாங்க, டெஸ்ட்டுக்கெல்லாம்."

"எனக்கு மட்டும் ஏன் சொல்லல?"

"ஸ்கூல் சீசன் முடியட்டும்னு அம்மா சொன்னாங்க. கத்தரி பிடிக்கற கை, நடுங்கிரக் கூடாதுன்னு."

"சீசன் முடிஞ்சு நாலு மாசம் ஆச்சே."

"ஆச்சு. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றதுன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியல. நாங்க வாயால சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க, டேப் சொன்னா நம்பித்தான் ஆகணும். அதான் இங்க கூட்டிட்டு வந்தேன்."

மாஸ்டருக்குக் கோபம் வந்தது. மனைவி மேல் வந்தது, மகள் மேல் வந்தது, எல்லாம் தெரிந்துகொண்டு வாங்க மாஸ்டர் என்று கூப்பிட்ட இந்த அம்மா மேலும் வந்தது. எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கீழே டயர்க் கிடங்கில் ஒருவன் டயர்களை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டுபோய்ச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தான். அவன் ஒன்பது டயரைச் சாய்த்து முடிக்கும் வரை மாஸ்டர் பார்த்துக்கொண்டே நின்றார். அதற்குள் கோபம் எல்லோரையும் விட்டுவிட்டுத் தன் மேலேயே திரும்பிவிட்டது.

ஐந்து மாதத்துக்கு முன்னால் மகள் ஒரு சட்டையைக் கொண்டுவந்தாள். "அப்பா, இடது கஃப் இறங்கி இறங்கி விரல் மேல விழுது" என்றாள். மாஸ்டர் அந்தச் சட்டையைத் தைத்தவரைக் கூப்பிட்டு நான்கு பேர் முன்னிலையில் வாங்கு வாங்கென்று வாங்கினார். "ரெண்டு கையும் ஒரே அளவுதான் மாஸ்டர் தைச்சேன்" என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மாஸ்டர் கேட்கவில்லை. பட்டனை அறுத்து, அரை இஞ்ச் உள்ளே தள்ளித் தன் கையாலேயே தைத்துக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து அதே சட்டை, அதே புகார். இந்தத் தடவை அவர் சிரித்துக்கொண்டே பட்டனை இன்னும் உள்ளே தள்ளினார். "என்ன பாப்பா, ஒரு பக்கமா மட்டும் பட்டினி கிடக்கறியா?" என்று கேட்டார். அவளும் சிரித்தாள். மிஷினில் இருந்த நான்கு பேரும் சிரித்தார்கள்.

எவன் வீட்டுப் பிள்ளையோ வளர்வதை நூல் கணக்கில் சொன்ன மனுஷன். தன் வீட்டுப் பிள்ளை கரைவது இரண்டு தடவை மேஜைக்கே வந்தது, இரண்டு தடவையும் பட்டனை மாற்றித் தைத்து அனுப்பிவிட்டான். இடது கையை ஒரே ஒரு தடவை, ஏதோ பொழுது போகாமலாவது அளந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது என்பது வேறு விஷயம். கூட நின்றிருக்கலாம். மூன்று டாக்டரிடம் போனபோது வாசலில் செருப்பைப் பார்த்துக்கொண்டாவது உட்கார்ந்திருக்கலாம்.

மகள் பின்னால் வந்து நின்றாள். "அப்பா, திட்டணும்னா திட்டிருங்க."

"திட்ட என்ன இருக்கு" என்றார் மாஸ்டர். "நீ எதுக்கும்மா இப்பப் போய் கிட்டார்? இருக்கறதை வாசிச்சாப் போதாதா?"

"இருக்கறதைப் பிடிக்க முடியலப்பா. போன வாரம் ஓட்டல்ல ஒரு பாட்டை நடுவுல நிறுத்திட்டு எழுந்து வந்துட்டேன். என் கைக்குச் சரியா ஒண்ணு இருந்தா, மீதி இருக்கற நாளாவது ஒழுங்கா வாசிப்பேன். அவ்வளவுதான். பெரிசா ஒண்ணும் கேக்கல."

மாஸ்டர் திரும்பி வந்து உட்கார்ந்தார். மகளுக்கு ஒன்று வேண்டியிருக்கிறது, அது அளவு சம்பந்தப்பட்டது. அழுதுகொண்டு நிற்க நேரமில்லை என்று அவருடைய தொழில் அவருக்குச் சொன்னது. "எத்தனை நாள்ல செஞ்சு குடுப்பீங்க மேடம்?" என்று கேட்டார்.

"வரிசையில வந்தா பதினாலு மாசம் ஆகும் மாஸ்டர். இவங்களுக்காக மத்தவங்ககிட்டப் பேசி முன்னாடி தள்ளிட்டேன். ஆனாலும் ஒன்பது மாசத்துக்குக் கீழ வராது. மரத்தைக் கொஞ்சம் இழைச்சு, ஆற விட்டு, மறுபடி இழைக்கணும். அவசரப்பட்டா கழுத்து வளைஞ்சிரும்."

"ஒன்பது மாசம் கழிச்சுன்னா..." என்றார் மாஸ்டர், முடிக்கவில்லை.

"அதான் என் கவலையும். நான் இன்னிக்கு அளக்கற கை வேற, ஒன்பது மாசம் கழிச்சு வாங்க வர்ற கை வேற."

"அப்ப கொஞ்சம் பெரிசா செஞ்சு வெச்சுட்டு, அன்னிக்கு வந்து பாத்து இழைச்சுக் குறைங்களேன். நாங்க பிரிச்சுத் தைக்கற மாதிரி."

"முடியாது மாஸ்டர். கழுத்துக்குள்ள இரும்புத் தண்டு ஓடுது. அதுக்குத் தகுந்த மாதிரிதான் மரத்தைச் சுத்தி விட்டிருப்பேன். அதுக்கு மேல இழைச்சா தண்டு தெரிஞ்சிரும்."

"சரி, முடிஞ்ச அளவு ஒல்லியா செஞ்சுருங்க."

"ரொம்ப ஒல்லியா இருந்தா கட்டைவிரல் மடங்கி, கை சீக்கிரம் சோர்ந்து போயிரும். இருக்கற பலமும் வீணாப் போகும். சரியா இருந்தாத்தான் உபயோகம். உள்ளங்கைச் சுத்து என்னன்னு தெரிஞ்சாப் போதும், கழுத்தோட பருமனை நான் கணக்குப் போட்டுருவேன். இன்னிக்கு இருக்கற சுத்து இல்ல. அன்னிக்கு இருக்கப் போற சுத்து." அவர் தயங்கினார். "எவ்வளவு குறையும்னு டாக்டர்ங்களும் சொல்ல மாட்டேன்றாங்க. ஆளுக்கு ஆள் மாறும்னு சொல்லிட்டாங்க."

மகள் ஸ்டூலில் உட்கார்ந்து இடது கையை மாஸ்டர் முன்னால் நீட்டினாள், சின்னப் பிள்ளையாகக் கவுண்டர் முன்னால் நின்றபோது நீட்டியதைப்போல. "நீங்க சொல்லுங்கப்பா" என்றாள்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தன் கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "நான் என்ன சொல்றது. எனக்கு என்ன தெரியும்."

"என் உடம்பு உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்கும் தெரியாது. ஒன்பது மாசத்துல எவ்வளவு குறையும்னு சொல்லுங்க."

"ஒண்ணும் குறையாது" என்றார் மாஸ்டர். "மாத்திரை சாப்பிடறே இல்ல. அப்படியே நிக்கும். ஏழுக்கு ஒரு நூல் கம்மி, அதையே எழுதிக்கோங்க மேடம்."

அந்த அம்மா பென்சிலைக் கொண்டையிலிருந்து எடுத்தார், எழுதவில்லை.

"அப்பா, அப்படி எழுதினா நான் அதை வாங்கிட்டுப் போய் மூலையில சாத்தி வெக்கணும். பிடிக்க முடியாது."

"சரி, ஒரு நூல் குறைச்சுக்கோங்க."

"அப்பா." அவள் குரலை உயர்த்தவில்லை. "எனக்கு அப்பா சொல்ற அளவு வேண்டாம். மாஸ்டர் சொல்றது வேணும்."

மாஸ்டர் மகளின் கையை மறுபடி வாங்கிக்கொண்டார். மணிக்கட்டு எலும்பைத் தொட்டுப் பார்த்தார். பள்ளத்தில் தன் கட்டைவிரலை வைத்து எவ்வளவு ஆழம் என்று அழுத்தினார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கச் சொல்லிப் பார்த்தார், கடைசி இரண்டு விரல்களும் பாதியில் நின்றன. முதலில் எந்த மாதம் தெரிந்தது, எந்த மாதம் கஃப் இறங்கியது, இரண்டாவது தடவை எப்போது என்று கேட்டார். அவள் தேதி தேதியாகச் சொன்னாள். முதலில் மெதுவாகவும் அப்புறம் வேகமாகவும் போயிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமலிருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நினைத்தார். ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். ஆனால் அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுகிற வயது அவளுக்கு எப்போதோ வந்துவிட்டது.

"அரை இஞ்ச்" என்றார்.

"இன்னிக்கு அளவுலேருந்தா மாஸ்டர்?"

"இன்னிக்கு அளவுலேருந்து."

அந்த அம்மா எழுதினார். அதாவது ஆறேகால், ஒரு நூல் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். மகள் தலையை ஆட்டினாள். அவளுக்கும் அவ்வளவுதான் தோன்றியிருக்கும்போல. மடித்துவிட்ட கையை இறக்கி, கஃப்பின் பட்டனைப் போட முயன்றாள். வலது கையால் முடிந்தது, கொஞ்ச நேரம் பிடித்தது. உதவ வேண்டும் என்று மாஸ்டருக்குக் கை துடித்தது. உதவவில்லை.

பட்டனைப் போட்டு முடித்துவிட்டு அவள், "போலாமாப்பா?" என்றாள்.

மாஸ்டர் எழுந்திருக்கவில்லை. அந்த அம்மா எழுதிய சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம்" என்றார். "அரை இஞ்ச்சுன்னது அப்பா சொன்னது. இன்னொரு நூல் குறைச்சே வெச்சுக்கோங்க. அவ சிரமப்பட்டுப் பிடிக்க வேண்டாம்."

அந்த அம்மா மகளைப் பார்த்துவிட்டு, எழுதியிருந்ததை அழித்து, ஆறேகால் என்று எழுதினார்.